களிமண் எடுத்து முடித்த குழியில் எதைப் பாதுகாக்கிறார்கள்?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்ற ஊரில் பழைய செங்கல் சூளைக்காரர்கள் களிமண் எடுத்த குழி ஒன்று இருக்கிறது. அதைப் புவியியல் சிறப்பு கொண்ட இடம் என்று சட்டப்படி பாதுகாக்கிறார்கள். படத்தில் பார்த்தால் புல்லும் புதரும்தான் தெரிகிறது. அங்கே கிடைத்த கல்லாயுதங்கள் எல்லாம் எப்போதோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. அப்புறம் வெறும் பள்ளத்துக்கு எதற்குப் பாதுகாப்பு, மூடி மேடாக்கினால் நிலமாவது உபயோகப்படுமே என்பதுதான் கேள்வி.

நியாயமான கேள்விதான். கோயிலையோ கோட்டையையோ பாதுகாக்கிறார்கள் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே பாதுகாப்பது எந்த மண்ணுக்கு மேல் எந்த மண் கிடக்கிறது என்ற வரிசையை. அந்த வரிசை கலையாமல் இருக்க வேண்டும், தேவைப்படும்போது ஒருவர் வந்து திறந்து பார்க்க முடிய வேண்டும், இவ்வளவுதான். இந்த வரிசையை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போக முடியாது. எடுத்த நொடியே அது கலைந்துவிடும்.

இந்த ஊரின் பெயரை எழுத்துக்கூட்டினால் ஹோக்ஸ்னே என்று வாசிக்கத் தோன்றும், ஊர்க்காரர்கள் சொல்வது ஹாக்ஸன். 1992-ல் 14,000-க்கும் மேற்பட்ட ரோமானிய நாணயங்களோடு புதையல் கிடைத்ததும் இதே ஊரில்தான், ஆனால் அது வேறு இடம், வேறு கதை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, குழிக்கு வருவோம். சுமார் 4,50,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி முழுக்கப் பனிப்பாளத்துக்கு அடியில் இருந்தது. பனி உருகிப் பின்வாங்கியபோது, தான் அரைத்து இழுத்து வந்த கல்லும் களியும் கலந்த மண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போனது. அந்த மண்ணுக்குள் பெரிய பனிக்கட்டி புதைந்து கிடந்து மெல்ல உருகினால் மேலே இருக்கும் தரை உள்வாங்கிவிடும். அப்படி உண்டான ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரி ஆனது. ஓட்டம் இல்லாத ஏரி. அதனால் கல் வந்து சேரவில்லை, மிக நுண்ணிய சேறு மட்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சத்தமில்லாமல் அடியில் படிந்தது. கரையில் நின்ற மரங்களின் இலை, விதை, காற்றில் வந்த மகரந்தத் தூள் எல்லாம் அந்தச் சேற்றோடு சேர்ந்து படிந்தன. களிமண்ணுக்குள் காற்று புகாது என்பதால் மகரந்தத்தின் மேலோடு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆனாலும் மட்காது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. செங்கல் அறுப்பவருக்குத் தேவை கல் கலக்காத, நயமான, ஒரே சீரான மண். பழைய காலத்தைப் படிக்கிறவருக்குத் தேவை அலைக்கழிக்கப்படாமல் அமைதியாகப் படிந்த மண். அசையாத தண்ணீரில் படிந்த மண்ணில் இரண்டும் கிடைக்கும். அதனால்தான் பழைய ஏரிகள் பலவும் முதன்முதலில் வெளிச்சத்துக்கு வந்தது சூளைக்காரர்களின் மண்வெட்டியால். அவர்கள் தோண்டியிருக்காவிட்டால் ஹாக்ஸனில் ஓர் ஏரி இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது, அந்த நிலத்தின் மேல் நின்று பார்த்தால் ஏரியின் அடையாளமே கிடையாது.

1797-ல் ஜான் ஃப்ரேர் என்ற சஃபோக் நிலக்கிழார் இந்தக் குழியைப் பற்றி லண்டன் தொல்பொருள் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், கூடவே சில கல்லாயுதங்களையும் அனுப்பினார். கூர்முனையோடு இரண்டு பக்கமும் செதுக்கிய கைக்கோடரிகள் அவை. உலோகம் தெரியாத மக்கள் செய்து பயன்படுத்திய போர்க்கருவிகள் என்று அவர் எழுதினார். அதைவிட முக்கியம், அவை எங்கே கிடந்தன என்று அளந்து எழுதியதுதான். மேலே ஒன்றரை அடி மேல்மண், அதற்குக் கீழ் ஏழரை அடி களிமண், அதற்குக் கீழ் ஓர் அடி சிப்பி கலந்த மணல், அதற்கும் கீழ் இரண்டு அடி சரளை, அந்தச் சரளையில்தான் ஆயுதங்கள், ஒரு சதுர கெஜத்துக்கு ஐந்தாறு வீதம். மொத்தம் பன்னிரண்டு அடி. அதோடு நிற்காமல், இந்த அடுக்குகள் கிடைமட்டமாக ஓடி மேட்டின் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்பதையும் கவனித்திருக்கிறார். அப்படியானால் அடுக்குகள் படிந்ததற்குப் பிறகுதான் பக்கத்துப் பள்ளத்தாக்கே உருவாகியிருக்க வேண்டும். இதையெல்லாம் வைத்து இந்த ஆயுதங்கள் மிகத் தொலைவான ஒரு காலத்தவை, இப்போதைய உலகத்துக்கும் முந்தியவை என்று நினைக்கத் தோன்றுகிறது என்று எழுதினார். உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது.

அந்தக் கடிதத்தில் ஒரு வரி என்னை எப்போது படித்தாலும் வேதனைப்பட வைக்கும். சூளை நடத்தியவர் ஃப்ரேரிடம் சொன்னாராம், இவற்றுக்கு ஏதோ மதிப்பு இருக்கிறது என்று தெரிவதற்கு முன்னால் கூடை கூடையாக எடுத்துப்போய்ப் பக்கத்துச் சாலையில் வண்டித்தடப் பள்ளங்களை நிரப்பக் கொட்டிவிட்டேன் என்று. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவருக்குத் தேவை களிமண், கல் அவருக்குத் தொந்தரவு. ஆனால் அந்தச் சாலையில் கொட்டிய கோடரி ஒன்றை இன்று தோண்டி எடுத்தாலும் அது அழகான கல் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. சரளையிலேயே கிடந்திருந்தால், தனக்கு மேலும் கீழும் இருந்ததோடு சேர்ந்து பேசியிருக்கும்.

ஃப்ரேர் ஓர் இடத்தில் தவறும் செய்தார். நடுவில் இருந்த மணலில் கடல் பொருட்கள் இருப்பதாக நினைத்தார், பிறகு வந்தவர்கள் பார்த்தபோது ஹாக்ஸன் சிப்பிகள் நன்னீரில் வாழ்பவை என்று தெரிந்தது. அவருடைய விளக்கம் அந்த இடத்தில் விழுந்துவிட்டது, ஆனால் அவர் அளந்து எழுதிய அடுக்கு வரிசை நிற்கிறது. கடிதம் 1800-ல் அச்சாகி அப்படியே மறக்கப்பட்டது. அறுபது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட யாரும் சீந்தவில்லை.

1859-ல் ஜோசப் பிரெஸ்ட்விச் என்ற புவியியலாளரும் ஜான் எவன்ஸ் என்ற தொல்பொருள் ஆய்வாளரும் பிரான்சில் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய், அழிந்துபோன விலங்குகளின் எலும்பு கிடக்கும் சரளைக்குள்ளேயே கைக்கோடரி இருப்பதைத் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்த எவன்ஸ் லண்டன் தொல்பொருள் சங்கத்தின் கண்ணாடிப் பெட்டியில் அதே மாதிரியான கற்களைப் பார்த்து அசந்துபோனார். அவை ஃப்ரேர் அனுப்பிய ஹாக்ஸன் கற்கள். கல்லைப் பார்த்ததோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, இருவரும் ஹாக்ஸனுக்கே போய்க் குழியை நேரில் பார்த்தார்கள். கல் பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருந்தது, இருந்தும் அவர்களுக்குக் குழி தேவைப்பட்டது. உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதிலேயே இருக்கிறது.

மனிதனின் பழமை பற்றிய அந்த 1859-ம் ஆண்டு விவாதத்தின் அலை நம் பக்கமும் வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கைக்கோடரியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதுவும் யாரோ வேறு வேலைக்காக வெட்டிய குழிதான்.

மறுபடி ஹாக்ஸன். அடுத்து 1896. புவியியலாளர் கிளெமென்ட் ரீட் தலைமையில் துளை போட்டும் தோண்டியும் பார்த்தார்கள். அப்போதைய கேள்வி, இந்தக் கோடரிகளைச் செய்தவர்கள் பனியுகத்துக்கு முந்தியவர்களா, பிந்தியவர்களா என்பது. பனிப்பாளம் விட்டுப்போன கல்லும் களியும் கலந்த மண் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, ஏரிச் சேறு அதற்கு மேல் இருந்தது, ஆக மனிதர்கள் அந்தப் பெரும் பனிக்குப் பிந்தியவர்கள் என்று தீர்ந்தது. அதோடு எதிர்பார்க்காத இன்னொன்றும் வந்தது. மிதமான வெப்பநிலையில் வளரும் செடிகள் கிடந்த அடுக்குக்கு மேல், துருவப் பகுதியில் தரையோடு தரையாகப் படரும் குள்ள வில்லோவும் குள்ள பிர்ச்சும் நிறைந்த ஒரு குளிர் அடுக்கு. அதற்கும் மேலேதான் மனிதர்களின் கற்கள். வெப்பம், குளிர், மறுபடி வெப்பம் என்று ஒரே குழிக்குள் அடுக்கி வைத்த மாதிரி.

1950-களில் ரிச்சர்ட் வெஸ்ட் வந்தார். இவர் தேடியது கல்லை இல்லை, மகரந்தத்தை. ஏரிச் சேற்றில் அடியிலிருந்து மேல்வரை சிறு சிறு இடைவெளியில் மண் எடுத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொரு மகரந்தமாக எண்ணினார். அடியில் பனி விலகிய வெற்று நிலத்துப் புதர்கள், பிறகு பிர்ச்சும் பைனும், பிறகு ஓக் முதலான அடர்ந்த காடு என்று ஒரு காடு பிறந்து வளர்ந்த கதையே வரிசையாக வந்தது. 1956-ல் இதை வெளியிட்டார். இன்றைக்கு பிரிட்டனில் சுமார் 4,00,000 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வெப்பக் காலத்துக்கே ஹாக்ஸனியன் என்றுதான் பெயர், இந்தக் குழிதான் அதற்கு மூல இடம். நாட்டின் வேறெந்த மூலையில் ஒரு பழைய சேற்றைக் கண்டெடுத்தாலும், அது ஹாக்ஸனியனா என்று கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அளவுகோல் இங்கே மண்ணுக்குள் இருக்கிறது. அந்தக் காலத்துப் படிவுகளில் அசோலா கிடைக்கிறது என்பது நம்மில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், நெல் வயலில் உரத்துக்காக வளர்க்கிறோமே அதன் இனம்தான். பிறகு வந்த பனிக்காலங்களில் அது ஐரோப்பாவில் அழிந்துபோய், 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து மறுபடி போய்ச் சேர்ந்தது.

1970-களில் சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒன்று பல ஆண்டுகள் பெரிய அளவில் தோண்டியது. 2000-க்குப் பிறகு தொல்லியலாளர் நிக் ஆஷ்டனும் மற்றவர்களும் மறுபடி சிறிதாகத் திறந்து பார்த்தார்கள். இந்தக் கடைசிச் சுற்றுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் கோடரிகள் ஏரியைச் சுற்றி ஓக் காடு இருந்த காலத்தவை என்றுதான் பல பத்தாண்டுகளாகப் பலரும் சொல்லிவந்தார்கள். அடுக்குகளை ஒன்றோடொன்று மறுபடி பொருத்திப் பார்த்தபோது, ரீட் சொன்ன குளிர் அடுக்குக்கு மேலேதான் மனிதர்களின் தடயங்கள் வருகின்றன, அதாவது காடு அழிந்து, குளிர் வந்து போய், இரண்டாவது முறை மிதமாக வெப்பமான ஒரு காலத்தில்தான் இவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள் என்று 2008-ல் எழுதினார்கள். அப்படியானால் இவர்கள் பார்த்த நிலமும் இவர்கள் தாங்கிய குளிரும் வேறு. இந்தத் திருத்தத்தை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆயிரம் கோடரிகளைப் புரட்டிப் பார்த்தும் செய்திருக்க முடியாது. 1797-ல் தொடங்கி இருநூறு ஆண்டு தாண்டியும் குழி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்போது பாதுகாப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பிரிட்டனில் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் கொண்ட இடம் என்று ஒரு வகை உண்டு, சுருக்கமாக எஸ்.எஸ்.எஸ்.ஐ. 1949-ம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி 1981-ம் ஆண்டுச் சட்டத்தில் பலப்படுத்தினார்கள். இங்கிலாந்தில் மட்டும் இப்படி 4,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. செடி, பறவை, பூச்சிக்காக அறிவிக்கப்பட்டவைதான் அதிகம் என்றாலும் பாறைக்காகவும் மண்ணுக்காகவும் மட்டுமே அறிவிக்கப்பட்டவையும் கணிசம். எந்த இடங்கள் தகுதியானவை என்று 1977 முதல் நாடு முழுக்க முறையாக ஆராய்ந்து பட்டியல் போட்டார்கள். நிலம் தனியாருடையதாகவே இருக்கலாம், அரசு பிடுங்கிக்கொள்வதில்லை. ஆனால் அங்கே என்னென்ன வேலைகளை அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்று உரிமையாளருக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள், மண் தோண்டுவது, கொட்டுவது, வடிகால் வெட்டுவது போன்றவை அதில் இருக்கும். மீறினால் குற்றம், அபராதம் உண்டு.

ஆனால் எல்லாக் களிமண் குழிக்கும் ஒரே மருந்து கிடையாது, இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சர்ரே மாவட்டத்தில் ஸ்மோக்ஜாக் என்ற களிமண் குழியும் இதேபோல் பாதுகாக்கப்பட்ட இடம்தான். 1983 ஜனவரியில் வில்லியம் வாக்கர் என்ற குழாய் வேலைக்காரர், ஓய்வு நேரத்தில் புதைபடிவம் தேடுபவர், அங்கே சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நகத்தைக் கண்டார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தினர் போய்த் தோண்டியபோது ஒரு டைனோசரின் எலும்புக்கூட்டில் பெரும்பகுதி கிடைத்தது, வயிற்றுப் பகுதியில் அது தின்ற மீனின் செதில்களோடு. 1986-ல் பேரியோனிக்ஸ் வாக்கரி என்று அவர் பெயரையே வைத்தார்கள். அங்கே களிமண் அடுக்கு பரந்து விரிந்து கிடக்கிறது. சூளைக்காரர் வெட்ட வெட்டப் புது முகம் திறக்கும், புதிதாக ஏதாவது தென்படும். அப்படிப்பட்ட இடத்தில் வெட்டுவதை நிறுத்துவதுதான் பிரச்சினை. களிமண் சுவர் பாறை மாதிரி நிற்காது, மழையில் கரைந்து சரியும், சில ஆண்டுகளில் செடி மூடிவிடும். அவ்வப்போது சீவிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹாக்ஸன் இதற்கு நேர் எதிர். அது ஒரு சின்ன ஏரி, அதற்குள் இருக்கும் சேறு அவ்வளவுதான், கீழேயும் பக்கத்திலும் வேறு மண். ஒரு கூடை எடுத்தால் ஒரு கூடை குறைந்தது. இப்படி அளவில் முடிந்துவிடும் இடங்களில் தோண்டாமல் மூடியே வைத்திருப்பதுதான் நல்ல பராமரிப்பு. நீங்கள் படத்தில் பார்த்த புல்லைப் பராமரிப்பு இல்லாத அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கீழே இருப்பதைப் பாதிக்காத வரை அந்த மேல்மண் ஒரு போர்வை மாதிரி. மரத்தின் ஆழமான வேர் வேறு விஷயம், அதைக் கவனிக்க வேண்டும். நிலத்தடி நீர் கீழே இறங்கினாலும் ஆபத்து, ஈரமாக இருக்கும் சேற்றில் காற்று புகுந்தால் லட்சக்கணக்கான ஆண்டு தாங்கிய இலையும் விதையும் மட்கத் தொடங்கிவிடும்.

மூடி மேடாக்கலாமே என்றீர்கள். களிமண் குழிகளுக்கு இந்த யோசனை எல்லா நாட்டிலும் வருகிறது, காரணம் எளிது. களிமண் தண்ணீரை எளிதில் விடாது, அதனால் குப்பை கொட்ட இதைவிட வசதியான பள்ளம் கிடைக்காது. ஜெர்மனியில் மெசல் குழி களிமண் குழி இல்லை, எண்ணெய் எடுக்க வெட்டிய களிப்பாறைக் குழி, ஆனால் இதே தலைவிதிதான் காத்திருந்தது. குப்பைக் கிடங்காக்கத் திட்டம் போட்டு, உள்ளூர் மக்களும் விஞ்ஞானிகளும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றதால் தப்பியது. 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பல மீட்டர் குப்பைக்கு அடியில் இருக்கும் மண்ணும் கலையாமல்தானே இருக்கும் என்று சிலர் கேட்பார்கள். குப்பையிலிருந்து ஊறும் நீர் கீழே போகும், அதோடு யார் அந்தக் குப்பையைத் திறந்து உள்ளே போகப் போகிறார்கள்?

எட்ட முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதே சஃபோக்கில் பார்னம் என்ற இடம் போதும். அதுவும் கைவிடப்பட்ட களிமண் குழி. அங்கே கல்லாயுதம் இருப்பது நூறு ஆண்டுக்கும் மேலாகத் தெரியும், பல முறை தோண்டியும் இருக்கிறார்கள். 2025 டிசம்பரில்தான் நேச்சர் இதழில் அந்த முடிவு வந்தது. சுமார் 4,00,000 ஆண்டுகளுக்கு முன், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நெருப்பில் வெந்த களிமண், சூட்டில் வெடித்த கைக்கோடரிகள், கூடவே பைரைட் என்ற கனிமத்தின் இரண்டு சின்னத் துண்டுகள். பைரைட்டைச் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டினால் பொறி பறக்கும், அந்தப் பகுதியில் அது அரிதாகத்தான் கிடைக்கும், எனவே யாரோ வேண்டுமென்று கொண்டுவந்திருக்க வேண்டும். மனிதர்கள் தாங்களே நெருப்பு உண்டாக்கியதற்கு அதுவரை தெரிந்த பழைய சான்று சுமார் 50,000 ஆண்டுகள் மட்டுமே. செங்கல் சூளைக்காகத் தோண்டிய ஒரு குழியில், இயற்கைத் தீயா மனிதர் மூட்டிய தீயா என்று பிரித்துச் சொல்லும் கருவிகள் கையில் வந்த பிறகு இது சாத்தியமானது. எழுபது எண்பது ஆண்டு முன்பே அங்கே குப்பையைக் கொட்டி மேடாக்கியிருந்தால் அந்த இரண்டு துண்டும் கிடைத்திருக்காது.

எசெக்ஸில் மார்க்ஸ் டே என்ற செங்கல் குழியையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹாக்ஸன் காலத்து ஏரிதான் அதுவும், ஆனால் அங்கே சேறு ஆண்டுக்கு ஒரு மெல்லிய வரியாகப் படிந்திருக்கிறது, மர வளையம் மாதிரி எண்ணலாம். காட்டின் மகரந்தம் திடீரென்று சரிந்து புல் பெருகும் ஓர் இடைவெளி ஹாக்ஸனிலும் தெரியும், மார்க்ஸ் டேயிலும் தெரியும். மார்க்ஸ் டேயின் வரிகளை எண்ணியதால்தான் அந்தச் சரிவு சில நூறு ஆண்டுகள் நீடித்தது என்று சொல்ல முடிந்தது. ஒரு குழியில் வரிசை இருக்கிறது, இன்னொன்றில் கடிகாரம் இருக்கிறது, இரண்டும் தேவை.

கடைசியாக, இவ்வளவு முக்கியம் என்றால் இப்போதே எல்லாவற்றையும் தோண்டி ஆராய்ந்து முடித்துவிட்டு நிலத்தை விட்டுவிடலாமே என்று கேட்கலாம், நேர்மையான கேள்விதான். 1896-ல் ரீட் குழுவினர் தங்கள் காலத்தில் கேட்க முடிந்த கேள்வியைச் சரியாகக் கேட்டு, சரியான பதிலும் பெற்றார்கள். மகரந்தத்தை எண்ணிக் காடுகளின் வரலாற்றைச் சொல்லும் முறையை ஸ்வீடன் நாட்டு லெனார்ட் ஃபோன் போஸ்ட் முன்வைத்தது அதற்கு இருபது ஆண்டு கழித்து, 1916-ல். ரீட் அந்தச் சின்ன ஏரியை முழுவதும் கிளறி முடித்திருந்தால், வெஸ்ட் நுண்ணோக்கியோடு வந்து நின்றபோது எண்ணிப் பார்க்க அங்கே ஒரு பிடி சேறு மிஞ்சியிருக்காது.